சின்னக்குடா மக்கள் ஒன்றியம் (கனடா)

சச்சிதானந்தன் மாஸ்ரர் தன் சொந்த ஊர்ச் சங்கத்தின் செயலாளர் தேர்தலில் தோற்றது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மார்ச் மாதம், ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். கையை உயர்த்தச் சொன்னார்கள். அவருக்கென்று இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று அவருடையது. மற்றது, பின்வரிசையில் இருந்து தேநீர் கேட்டவருடையது, தவறுதலாக எண்ணப்பட்டுவிட்டது. வென்றவர் ஊரில் மாஸ்ரரிடம் புவியியல் படித்து இரண்டு தடவை கோட்டை விட்டவர். நன்றியுரையில் அவர் "என்னுடைய ஆசான்" என்று குறிப்பிட்டதுதான் மாஸ்ரருக்கு அதிகம் எரிந்தது.

சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாவது மாடி வீட்டுக்கு அவர் திரும்பியபோது மனைவி யோகராணி அடுப்படியில் நின்றாள்.

"தோத்திட்டியளோ?"

"ஆர் சொன்னது?"

"சப்பாத்தைக் கழட்டி எறிஞ்ச சத்தம் இஞ்சை மட்டும் கேட்டது."

அடுத்த ஒரு மாதம் மாஸ்ரர் சங்கமில்லாத மனிதராக அலைந்தார். அந்த நாள் ரொறன்ரோவில் அது சின்னத் துன்பமல்ல. ஊருக்கொரு சங்கம், பள்ளிக்கூடத்துக்கொரு பழைய மாணவர் சங்கம், உடைந்துபோன சங்கத்துக்குப் பதில் இரண்டு சங்கம். கோடையில் ஒன்றுகூடல், மாரியில் இராப்போசனம், வருடம் தவறாமல் ஒரு மலர். கலியாண வீட்டில் யாரும் யாரையும் என்ன வேலை என்று கேட்பதில்லை. ஊரில் வாத்தியாரும் எஞ்சினியரும் கிளாக்கரும் இங்கே ஒரே மாதிரி நீலச் சட்டையில்தான் நின்றார்கள். மாஸ்ரர்கூட டவுன்ரவுணில் ஒரு நிலக்கீழ் கார் தரிப்பிடத்தின் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தார். ஆகவே "அண்ணை எதில இருக்கிறியள்?" என்றுதான் கேட்பார்கள். எதிலும் இல்லாதவருக்கு அடுத்த கதிரையில் ஆள் இருப்பதில்லை.

அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தபோதுதான் மாஸ்ரருக்குப் பின்லாந்து ஞாபகம் வந்தது.

தொண்ணூறாம் ஆண்டு மாரியில் ஏஜென்ற் ஒருவன் நாற்பது தமிழரை மொஸ்கோ வழியாகக் கொண்டுபோய் ஹெல்சிங்கியில் இறக்கி, "இதுதான் கனடா, இறங்குங்கோ" என்றான். பனி கொட்டிக்கிடந்தது, நம்பினார்கள். மூன்று நாள் கழித்து, பேசுவது இங்கிலிஷ் மாதிரி இல்லையே என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்தபோது ஏஜென்ற் எங்கோ போய்விட்டான். அரசாங்கம் அவர்களை மேற்குக் கரையில் ஒரு சின்ன நகரசபைப் பகுதிக்கு அனுப்பியது. ஊரின் தொடக்கத்தில் ஒரு பலகை. அதில் இரண்டு பெயர். மேலே சுவீடிஷில் லில்விக், கீழே பின்னிஷில் பிக்குலஹ்தி. இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்: சின்னக் குடா. ஆயிரத்துத் தொளாயிரம் சனம், ஒரு தேவாலயம், ஒரு துறைமுகம், எண்ணி முடியாத கற்பாறைத் தீவுகள், மாலை மூன்று மணிக்கே கவியும் இருட்டு.

அந்த நாற்பது பேரையும் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். மூன்று மாதம் கழித்து அதே ஏஜென்ற் கொண்டுவந்து இறக்கிய அடுத்த கூட்டத்துக்கு அங்கே இடம் போதவில்லை. அவர்களைத் துறைமுகத்தடியில், முன்னர் மீன் பெட்டி அடுக்கிய கட்டடத்தில் விட்டார்கள். பதினான்கு மாதத்தில் எல்லோரும் ஒவ்வொருவராகக் கழன்று கனடா வந்து சேர்ந்தார்கள். இப்போது ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் எட்டுக் குடும்பங்கள். எட்டுக் குடும்பத்தில் சங்கம் நடத்துகிற ஊர்கள் மாஸ்ரருக்குத் தெரியும்.

"ஒரு ஊர்ச் சங்கம் தொடங்கப்போறன்," என்றார் யோகராணியிடம்.

"எந்த ஊருக்கு?"

"சின்னக்குடாவுக்கு."

"அது எங்கை கிடக்கு?"

"நீர் பதினாலு மாசம் இருந்த இடம்."

யோகராணி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பி அவரைப் பார்த்தாள். "அங்கை நீங்கள் ஹீற்றரை விட்டு எழும்பினதே இல்லையேயப்பா."

"புவியியல் படிச்சவனுக்கு ஒரு ஜன்னலே காணும்," என்றார் மாஸ்ரர்.

முதல் கூட்டம் இக்னேசியஸ் வீட்டு பேஸ்மென்ரில் நடந்தது. இக்னேசியஸ் பாண் பேக்கரியில் வேலை செய்பவர், எவரோடும் பகைக்காதவர். ஆகவே தனாதிகாரி ஆனார். கிறிஸ்துநாயகம் ரெக்ஸ்டேலில் இருந்து தன் ரக்சியிலேயே வந்தார். விமான நிலையத்துக்கு ரக்சி ஓட்டுபவர், சத்தமாகப் பேசிப் பழகியவர். உப தலைவர் ஆனார். தலைவர் யார் என்ற கேள்வியே எழாதபடி மாஸ்ரர் முதலிலேயே தலைவர் கதிரையில் இருந்துகொண்டார். பெயர் சின்னக்குடா மக்கள் ஒன்றியம் (கனடா). அடைப்புக்குறிக்குள் கனடா என்று போடாவிட்டால் வேறு நாடுகளில் உள்ள கிளைகளோடு குழப்பம் வரும் என்றார் மாஸ்ரர். வேறு கிளை ஒன்றும் இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

பெயர் பிடித்துக்கொண்டது. தமிழ்ப் பத்திரிகையில் கால் பக்க விளம்பரம் வந்த கிழமையே ஆட்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

"மாஸ்ரர், சின்னக்குடா எந்தப் பக்கம்? தீவுப் பகுதியோ?"

"தீவுகளும் இருக்கு."

"வடக்கோ?"

"நல்ல வடக்கு," என்றார் மாஸ்ரர். ஒரு சொட்டுப் பொய் இல்லை.

கலியாண வீடொன்றில் வயதான ஒருவர் தன் சின்னம்மாவைச் சின்னக்குடாவில்தான் கட்டிக் கொடுத்தது என்றும், அருமையான சனம், ஆனால் கொஞ்சம் கஞ்சர் என்றும் சொன்னார். மாஸ்ரர் மறுக்கவில்லை. அவருக்குப் பக்கத்துக் கதிரைகளில் மறுபடியும் ஆட்கள் இருக்கத் தொடங்கியிருந்தார்கள்.

மலருக்காக மாஸ்ரர் 'சின்னக்குடாவின் புவியியலும் வரலாறும்' என்று ஒரு கட்டுரை எழுதினார். நூலகத்துக்குப் போய் உண்மையிலேயே படித்தார். பனிக்கட்டியின் பாரத்தில் ஆயிரமாயிரம் ஆண்டுகள் அமுங்கிக் கிடந்த நிலம், பனி உருகியபின் மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருக்கிறது என்றும், நூறு வருடத்துக்கு ஏறத்தாழ மூன்றடி கடலை விட்டு மேலே வருகிறது என்றும் வாசித்தபோது அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஊரில் கடல் காணியைத் தின்றதைத்தான் அவர் கண்டிருந்தார். இங்கே கடல் காணியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. தேவாலயம் கட்டியபோது அது ஒரு தீவில் நின்றது. இப்போது கரையிலிருந்து நடந்து போகக் கால் உளையும். துறைமுகம் கடலைத் துரத்திக்கொண்டு மூன்று முறை இடம் மாறியிருந்தது. தார் காய்ச்சி விற்றதையும், கடல்நாய் வேட்டையையும், ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து தார்க் கிட்டங்கிகளைக் கொளுத்திவிட்டுப் போனதையும், பாதி ஊர் அமெரிக்காவுக்குக் கப்பலேறியதையும் ஒரு பக்கத்தில் சுருக்கினார். மீதி ஏழு பக்கமும் 'தமிழர் வருகை'.

வில்லங்கம் அந்த ஏழு பக்கத்தில் இருந்தது. தன்னோடு பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களை 'ஆதிக் குடிகள்' என்று எழுதியிருந்தார். துறைமுகத்தடியில் இருந்தவர்களை, 'பின்னர் வந்து கரையோரம் ஒதுங்கியோர்' என்று.

துறைமுகத்தடியில் இருந்த கிறிஸ்துநாயகம் மலரைக் கையில் சுருட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார்.

"மாஸ்ரர், ஆர் ஒதுங்கினது?"

"தம்பி, அது வரலாற்று மொழி."

"மூண்டு மாசம் முந்தி வந்தால் ஆதிக்குடியோ? உங்களையும் அதே ஏஜென்ற்தானே ஏமாத்தினவன்?"

"இரும், இரும். விஞ்ஞானத்தைப் பாரும். இருநூறு வருசத்துக்கு முன்னம் தேவாலயத்தடி நிலம். நீங்கள் இருந்த துறைமுகத்தடி கடல். நீங்கள் படுத்த இடத்தில அப்ப மீன் படுத்தது. இதை நான் சொல்லேல்லை, பனிக்கட்டி சொல்லுது."

பேஸ்மென்ரில் யாரோ சிரித்துவிட்டார்கள். கிறிஸ்துநாயகத்தின் முகம் கறுத்தது. ஆனால் அவரும் கட்டுரையை முழுதாக வாசித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"அப்ப இன்னும் இருநூறு வருசத்தில நிலம் ஆரின்ரை பக்கம் வளரும், மாஸ்ரர்? எங்கட பக்கம். உங்கட தேவாலயம் நிண்ட இடத்திலயே நிக்கும். ஓமோ இல்லையோ?"

மாஸ்ரர் கட்டுரையைப் புரட்டிப் பார்த்தார். விஞ்ஞானம் உண்மையிலேயே அப்படித்தான் சொன்னது.

அன்றே ஒன்றியம் உடைந்தது. நாலு குடும்பம் இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம். இக்னேசியஸ் இரண்டிலும் தனாதிகாரி. கிறிஸ்துநாயகம் தன்னுடையதற்குப் பிக்குலஹ்தி நலன்புரிச் சங்கம் என்று பெயர் வைத்தார். பலகையில் கீழே இருந்த பெயர்தான் ஒடுக்கப்பட்ட மக்களின் பெயர் என்று அவர் தமிழ் வானொலியில் பேட்டி கொடுத்தார். பலகையில் இருந்த இரண்டு மொழியிலும் இரண்டு சங்கத்தாருக்கும் நன்றி சொல்லக்கூடத் தெரியாது.

பெண்கள் மட்டும் உடையவில்லை. யோகராணியும் கிறிஸ்துநாயகத்தின் மனைவி கிளடிஸும் தினமும் ரெலிபோனில் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். "அவை உடைஞ்சால் எங்களுக்கென்ன?" என்றாள் யோகராணி. மாஸ்ரர் அதைச் சங்க இரகசியங்கள் கசியும் ஓட்டையாகப் பார்த்தார்.

அடுத்த வசந்தத்தில் கிறிஸ்துநாயகத்தின் ரக்சியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி ஏறினாள். தடித்த கண்ணாடி, கையில் ஊன்றுகோல். பேச்சுவாக்கில் சொந்த நாடு பின்லாந்து என்றாள். பின்லாந்தில் எவ்விடம் என்று கேட்டார். சொன்னால் உனக்குத் தெரியாது என்றாள். பரவாயில்லை, சொல்லுங்கள் என்றார். "லில்விக்" என்றாள். ரக்சி நடைபாதையில் ஏறி, ஒரு தபால் பெட்டிக்கு அரை அடி தள்ளி நின்றது.

அவள் பெயர் எல்சா நைமன். பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்து, பணக்கார வீடுகளில் துடைத்துக் கூட்டி, இப்போது தனியே ஒரு அப்பார்ட்மென்ரில் இருப்பவள். கிறிஸ்துநாயகம் அங்கேயே அவளைத் தன் சங்கத்தின் கோடை ஒன்றுகூடலுக்குப் பிரதம விருந்தினராக அழைத்தார். இக்னேசியஸ் அன்று மாலையே மாஸ்ரருக்கு விசயத்தைச் சொன்னார். இரண்டு சங்கத்துக்கும் தனாதிகாரி என்பதால் அது தன் கடமை என்று நினைத்தார். மறுநாள் காலை மாஸ்ரர் பூங்கொத்தோடு எல்சாவின் கதவைத் தட்டினார்.

இரண்டு ஒன்றுகூடலும் ஒரே ஞாயிறு, ஒரே பார்க். எல்சாவுக்கு அது வசதியாக இருந்தது. "சாப்பாடு இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு பேரும் இருக்கும் என்றார்கள்.

யூலை மாதத்து அந்த ஞாயிறு வெயில் கொளுத்தியது. நாற்பது யார் இடைவெளியில் இரண்டு மேப்பிள் மரங்கள். இரண்டிலும் இரண்டு பதாகை. அந்தப் பக்கம் கிறிஸ்துநாயகம் கோழி வாட்டினார். இந்தப் பக்கம் இக்னேசியஸ் வாட்டினார்; கொஞ்சம் வாட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்க் கணக்குப் பார்த்துவிட்டு வந்தார். பூவா தலையா போட்டதில் எல்சா முதலில் மாஸ்ரரின் மேடைக்கு வருவதென்று முடிவாகியிருந்தது. மேடை என்பது இரண்டு பால் கூடைகள் மேல் வைத்த பலகை. அதில் ஏறாமல் கதிரையில் இருந்தபடியே பேசுகிறேன் என்றாள். மாஸ்ரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தமிழில் மொழிபெயர்க்கப்போவதாக அறிவித்தார். எல்லோருக்கும் இங்கிலிஷ் விளங்கும். ஆனாலும் மொழிபெயர்ப்பு இல்லாத பிரதம விருந்தினர் ஒரு பிரதம விருந்தினரா?

மாஸ்ரரின் மகள் தனுஷிகா வீடியோ கமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றாள்.

எல்சா கையில் இருந்த மட்டன் ரோல்ஸைக் கடித்து முடித்துவிட்டு, தான் துறைமுகத்தடியில் பிறந்தவள் என்றாள்.

மாஸ்ரர் மைக்கை இன்னும் கிட்டப் பிடித்தார். "அம்மையார் சொல்லுறா," என்றார் மைக்கில், "தான் சின்னக்குடாவின் மையப்பகுதியில் பிறந்தவராம்."

தன் தகப்பன் மீன் வெட்டிக் குடல் எடுப்பவர் என்றாள் எல்சா.

"தந்தையார் கடற்றொழில் ஆய்வில் ஈடுபட்டிருந்தவராம்."

தேவாலயத்தடிச் சனம் தங்களோடு ஒரே வாங்குப் பலகையில் இருக்காது, மீன் நாறுகிறது என்று மூக்கைப் பொத்தும், அந்தச் சனத்தைத் தான் மனதார வெறுத்ததாகச் சொன்னாள்.

மாஸ்ரர் வியர்வையைத் துடைத்தார். "தேவாலயத்தடி மக்களைத் தன்னால்... மறக்க முடியாதாம்."

"அப்பா," என்று கமராவுக்குப் பின்னால் இருந்து தனுஷிகா கத்தினாள், "ஷீ டிடின்ற் ஸே தற்! ஷீ ஹேற்ஸ் தெம்!"

அந்தச் சத்தம் நாற்பது யாருக்குக் கேட்டது. எதிர் மரத்தடியில் இருந்து ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது. கிறிஸ்துநாயகம் கோழி குத்துகிற முள்ளைப் பிடித்தபடியே ஓடி வந்தார். பின்னால் அவருடைய மூன்று குடும்பமும். "கேட்டியளோ மாஸ்ரர்? எங்கட ஆள்! துறைமுகத்தடி ஆள்!" என்று, தான் வைத்திருந்த மாலையை எல்சாவின் கழுத்தில் போட்டார். மாஸ்ரர் ஏற்கெனவே போட்டிருந்த மாலையின் மேல் அது விழுந்தது. எல்சாவின் முகத்தில் மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது.

அவள் மாலைகளை விலக்கிக்கொண்டு இரண்டு பதாகையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: நீங்கள் ஏன் இரண்டு இடத்தில் இருக்கிறீர்கள்? உங்களுக்கும் இரண்டு மொழியோ?

"இல்லை, ஒரு மொழிதான்," என்றார் கிறிஸ்துநாயகம்.

வேதம் வேறா?

"இல்லை, கோயிலுக்குப் போறவையும் சேர்ச்சுக்குப் போறவையும் ரண்டு பக்கமும் இருக்கினம்."

அப்படியென்றால்?

கிறிஸ்துநாயகம் மாஸ்ரரைப் பார்த்தார். மாஸ்ரர் புல்லைப் பார்த்தார். "இது ஒரு வரலாற்றுப் பிரச்சினை," என்றார் கடைசியில், இங்கிலிஷில்.

எல்சா சிரிக்கத் தொடங்கினாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு ஊன்றுகோல் நழுவி விழுந்தது. இருமல் வந்து, யோகராணி ஓடிவந்து முதுகைத் தடவி, தண்ணீர் கொடுத்தாள். மூச்சு திரும்பியதும் எல்சா சொன்னாள்: "இப்படிப் பிரிந்து கிடக்க எங்கள் சனத்துக்கு இரண்டு மொழியும் நானூறு வருடமும் தேவைப்பட்டது. நீங்கள் ஒரே மாரியில் முடித்துவிட்டீர்கள். கெட்டிக்காரர்கள்."

இதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

இரண்டு பக்கமும் கோழி கருகியது. இரண்டு அடுப்படியிலும் ஆள் இல்லை. யோகராணிதான் முதலில் அசைந்தாள். எல்சாவை ஒரு பக்கம் தான் பிடித்து, மறுபக்கம் கிளடிஸைப் பிடிக்கச் சொல்லி, இரண்டு மரத்துக்கும் நடுவில் நிழலாகக் கிடந்த ஓரிடத்தில் பாய் விரித்து இருத்தினாள். பிள்ளைகள் அங்கே போனார்கள். சோற்றுத் தட்டுகள் அங்கே போயின. இக்னேசியஸும் போனார். தலைவர்கள் இருவரும் தங்கள் தங்கள் மரத்தடியில், தங்கள் தங்கள் பதாகையின் கீழ், தனித்தனியே நின்றார்கள். போனால் மற்றவர் வென்றதாகிவிடும். மாஸ்ரருக்குப் பசித்தது. வயிறு இரைந்ததை மைக் பிடித்து ஊரெல்லாம் கேட்கச் செய்தது. மைக்கை நிறுத்த அவர் மறந்துபோயிருந்தார்.

இப்படி ஒரு நாளுக்குப் பிறகு மனிதன் திருந்துவான் என்று நினைப்பவர்கள் ஊர்ச் சங்கங்களை அறியாதவர்கள். மாஸ்ரர் மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. நாலாம் நாள் மலரின் இரண்டாம் பதிப்பை எழுத உட்கார்ந்தார். அதில் எல்சாவுக்கு ஒரு பந்தி கொடுத்தார். 'தேவாலயத்தடியின் தொன்மையான குடும்பமொன்றின் வழித்தோன்றலான அம்மையார், முதுமை காரணமாகத் தம் பிறப்பிடத்தைச் சிறிது மாற்றிக் கூறினார்' என்று எழுதி, 'சிறிது' என்பதை அடித்துவிட்டு, மறுபடியும் போட்டார். நியாயமாக நடந்துகொண்ட திருப்தியோடு பேனாவை மூடினார். அதே மாதம் வந்த பிக்குலஹ்தி மலரின் அட்டையில் எல்சா இரண்டு மாலையோடு இருந்தாள். மாஸ்ரர் போட்ட மாலையை யாரோ கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள்.

எல்சா எதையும் வாசிக்கவில்லை. அவளுக்கு ரோல்ஸ்தான் பிடித்திருந்தது. கிழமைக்கொரு தடவை யோகராணிக்கு ரெலிபோன் எடுத்தாள்.

புரட்டாதி மாதத்து ஞாயிறொன்றில் மாஸ்ரர் அடுத்த வருட நிர்வாகசபையைத் தெரிவு செய்துகொண்டிருந்தார். தானே முன்மொழிந்து, தானே வழிமொழிந்தும் ஆயிற்று. யோகராணி சீலை மாற்றிக்கொண்டு கைப்பையோடு வந்தாள்.

"எங்கை வெளிக்கிட்டிட்டீர்?"

"எல்சாவைக் கூட்டிக்கொண்டு ரெக்ஸ்டேலுக்குப் போறன். கிளடிஸ் கூப்பிட்டவ."

"எதிரணி வீட்டுக்கோ?" மாஸ்ரர் கதிரையில் நிமிர்ந்தார். "தலைவரின்ரை மனிசி அங்கை போனால் சனம் என்ன கதைக்கும்? நான் இஞ்சை ஒரு இயக்கமே நடத்திக்கொண்டிருக்கிறன்."

"நண்டுக் கறியாம்," என்றாள் யோகராணி, செருப்பைப் போட்டபடி.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள். லிப்ற் மேலே வரும் சத்தம் கேட்டது. மாஸ்ரர் எழும்பிப் போய்க் கதவைத் திறந்து, வெளி நடைவழியில் அவளைத் தவிர ஆள் இல்லை என்பதை இரண்டு பக்கமும் பார்த்து உறுதி செய்துகொண்டு, மெல்லச் சொன்னார்:

"வரேக்கை ஒரு டப்பாவில எனக்கும் கொஞ்சம் போட்டுக்கொண்டு வாரும். எனக்கெண்டு கேளாதையும்."